பூனை வளரும் வீட்டில் எந்தச் செடி?

விருத்தாசலத்தைப் பழமலைநாதர் கோயிலால் அறிந்தவர்கள் உண்டு; பீங்கானால் அறிந்தவர்களும் உண்டு. பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிலையமும், சூளைகள் கொண்ட தொழிற்பேட்டையும் உள்ள ஊர் அது. பளபளக்கும் பீங்கான் தொட்டியில் ஒரு செடி என்பது இன்று அந்த ஊரில் மட்டுமன்றி, தமிழகத்தின் நகர்ப்புற வீடுகள் பலவற்றில் வரவேற்பறையின் அடையாளமாகிவிட்டது. கொல்லையில் நின்ற செடி வீட்டுக்குள் வந்ததைப் போலவே, கொல்லையில் எலி பிடித்துத் திரிந்த பூனையும் உள்ளே வந்துவிட்டது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பூனை ஊனுண்ணி என்றாலும் அவ்வப்போது புல்லைக் கடிக்கும். வெளியே திரியும் பூனைக்குப் புல் கிடைக்கும். அடைபட்ட பூனைக்கோ நாம் வைத்த செடி மட்டுமே கிடைக்கும்.

நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் மணி பிளாண்ட், டிஃபன்பாக்கியா, பீஸ் லில்லி ஆகியவை சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. கருணைக்கிழங்கை நறுக்கும்போது கை அரிப்பதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இவற்றின் இலைகளிலும் உள்ளன. கடித்த பூனைக்கு வாய் எரியும், எச்சில் ஒழுகும். உயிர்போவது அரிது. சோற்றுக்கற்றாழை வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் தரும். அரளி அப்படியன்று, அதன் எல்லாப் பாகங்களும் இதயத்தைத் தாக்கும். மாநில மலரான செங்காந்தளில் கொல்சிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு.

எனினும் பூனைக்கு மிகப் பெரிய பகை, வரவேற்பு விழாக்களின் பூங்கொத்துகளில் வரும் உண்மையான லில்லியே. பெயரில் மட்டும் லில்லியான பீஸ் லில்லியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இலையைத் தின்ன வேண்டும் என்பதில்லை. உடலில் படிந்த மகரந்தத்தை நக்கினாலோ, பூ வைத்த நீரைக் குடித்தாலோ போதும், சிறுநீரகம் செயலிழக்கும். அந்த நஞ்சு எதுவென்று அறிவியல் இன்னும் அறுதியிடவில்லை. முதலில் வாந்தி, பிறகு பூனை தேறிவிட்டது போலத் தோன்றும். இந்தத் தோற்றத்தை நம்பித்தான் பலர் பூனையை இழக்கிறார்கள். ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் சிறுநீரகம் முடங்கிவிடும். சுமார் 18 மணி நேரத்துக்குள் நரம்புவழி நீரேற்றம் தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். சிறு நகரத்தில் இரவில் கால்நடை மருத்துவரைத் தேடி அலைந்தவர்களுக்கு அந்தக் கெடு எவ்வளவு குறுகியது என்பது தெரியும்.

உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்க வைப்பது நம்மிடையே உள்ள வழக்கம். பூனைக்கு அதுவே இன்னொரு நஞ்சு. வலிக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமாலும் அப்படியே. அதை முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. கடித்த செடியின் கிளையை, இல்லையேல் அதன் படத்தை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்வதே முறை.

தொட்டியை உயரத்தில் வைத்தால் போதும் என்பார்கள். பரணில் ஏறி உறங்கும் பிராணிக்கு எது உயரம்? செடியை மாற்றுவதே வழி. சிலந்திச் செடி, அரிக்கா பனை, ரோஜா, மல்லிகை ஆகியவற்றால் பூனைக்கு நஞ்சேறுவதில்லை. பூனைக்கென்றே ஒரு பிடி கோதுமையை ஊறவைத்து, அகன்ற பீங்கான் தொட்டியில் விதைத்தால் பத்து நாள்களில் புல் நிற்கும், தரையிலேயே வைக்கலாம்.