உங்களுக்குத் தெரியுமா? கடைசி மருந்துச் சீட்டு

● அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், தீராத நோயால் சாவை நெருங்கிவிட்டவர் கேட்டால், உயிரை முடித்துக்கொள்ளும் மருந்தை மருத்துவர் எழுதித் தரலாம். 1994இல் மக்கள் வாக்கெடுப்பில் 51 சதவீத ஆதரவோடு வந்த சட்டம் இது. வழக்கில் சிக்கி, 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு, ‘ரத்து செய்துவிடலாமா?’ என்று மக்களிடம் மறுபடி கேட்டார்கள். 60 சதவீதம் பேர் மறுத்துவிட்டார்கள்.

● கேட்டதும் கிடைத்துவிடாது. ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது என்று இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும். நோயாளிக்குத் தெளிவான புத்தி இருக்க வேண்டும். வாய்மொழியாக இரண்டு முறை, சாட்சிகளோடு எழுத்தில் ஒரு முறை கேட்க வேண்டும். மருந்தை அவரேதான் உட்கொள்ள வேண்டும். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் மருத்துவரே ஊசி போடலாம். இரண்டு நாட்டுச் சட்டங்களும் 2002இல் வந்தவை.

● ஓரிகனில் மருந்து எழுதி வாங்கியவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர்தான் அதை உட்கொண்டு இறந்திருக்கிறார்கள். கையில் இருக்கிறது என்ற தைரியத்திலேயே மற்றவர்களில் பலர் கடைசி நாட்களைக் கழித்திருக்க வேண்டும். இன்னொன்று: ‘ஏன் கேட்டீர்கள்?’ என்பதற்கு ஓரிகன் நோயாளிகள் சொன்ன காரணங்களில் வலி முதலிடத்தில் இல்லை. என் வாழ்க்கை என் கையை விட்டுப் போகிறது, பிடித்ததைச் செய்ய முடியவில்லை என்பவைதான் முன்னால் நிற்கின்றன. வலி தாங்காமல் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வாதாடுகிறோம். அவர்கள் சொல்வதை முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

● மூளைப் புற்றுநோய் வந்த 29 வயது பிரிட்டனி மேனார்டு, தன் மாநிலமான கலிபோர்னியாவில் இதற்கு அனுமதி இல்லாததால் ஓரிகனுக்குக் குடிபெயர்ந்து, 2014 நவம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டே கலிபோர்னியா சட்டம் இயற்றியது.

● உரத்த எதிர்ப்பு மதவாதிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. ‘நாட் டெட் யெட்’ என்ற மாற்றுத்திறனாளிகள் அமைப்பு 1996 முதல் போராடுகிறது. பிறரைச் சார்ந்து வாழ்வதே இழிவு என்று சமூகம் எண்ணும்போது, ‘விருப்பம்’ எப்படி முழு விருப்பமாகும் என்பது அவர்கள் கேள்வி. இந்தப் பயம் நமக்கு அந்நியமானதல்ல. தென்மாவட்டங்களில் படுத்த படுக்கையான முதியவர்களுக்குக் குடும்பமே ரகசியமாகச் சாவை வரவழைத்த தலைக்கூத்தலை நாம் அறிவோம். அங்கே பெரியவரின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? பாதுகாப்பு நிபந்தனைகள் ஒவ்வொன்றும் தேவை என்று நான் நினைப்பது இதனால்தான்.

● ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசம் 1996 ஜூலையில் மருத்துவர் உதவியோடு சாவதை அனுமதித்தது. நான்கு பேர் பயன்படுத்தினார்கள். ஒன்பதே மாதத்தில் மத்திய நாடாளுமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

● இந்தியாவில் சாவதற்கு மருந்து தருவது குற்றம். ஆனால், பயனற்ற சிகிச்சையை நிறுத்தச் சொல்ல உரிமை உண்டு. மும்பை செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்தது. ‘நினைவு திரும்பாத நிலையில் வென்டிலேட்டர் வேண்டாம்’ என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ‘லிவிங் வில்’ 2018 தீர்ப்பில் வந்தது. முதலில் அதற்கு மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டது. 2023 முதல் இரண்டு சாட்சிகளும், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியும் போதும். வீட்டில் பெரியவர்கள் திடமாக இருக்கும்போதே பேசி எழுதிவைப்பது நல்லது.

● கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபினுக்கு மூலமான அபின் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு விளைகிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. ஆனால் 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், நம் மருத்துவமனைகள் பல மார்ஃபின் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டன. 2014இல்தான் விதிகள் தளர்ந்தன. வலிக்கு மருந்து எட்டாத ஊரில் ஒருவர் சாவைக் கேட்டால், அதை அவர் தேர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேரளம் 2008இலேயே நோய்த்தணிப்புப் பராமரிப்புக்குத் தனிக் கொள்கை வகுத்தது. அங்கே செவிலியர்களும் தன்னார்வலர்களும் நோயாளியின் வீட்டுக்கே போகிறார்கள்.