மக்கினால்தான் மண்ணுக்கு உரம்

"கூட்டி அள்ளிக் கொளுத்திப் போட்டா வேலை முடிஞ்சுது!" தோட்டப்புறங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. வேலை முடிவது உண்மைதான். மண்ணுக்குப் போக வேண்டிய சத்தும் அதோடு புகையாய்ப் போய்விடுகிறதே, அதை யார் நினைக்கிறோம்?

செபராங் பிறையில் நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டங்கள் நிறைய. பூலாவ் பூரோங் குப்பைக் கிடங்கும் அங்கேதான். ஜார்ஜ்டவுன் குப்பையும் கரை கடந்து அங்கேதான் வந்து சேர்கிறது. 2022 ஜனவரியில் அந்தக் கிடங்கு பற்றி எரிந்தபோது புகையில் அவதிப்பட்டவர்கள் சுற்றுவட்டார மக்களே. அந்தக் குப்பையில் இலை தழையும் காய்கறித் தோலும் கொஞ்சமா? மக்க விட்டிருந்தால் அவை எருவாகியிருக்கும்.

ஆலையில் என்ன நடக்கிறது?

100 டன் செம்பனைக் குலை ஆலைக்குள் போனால், பழம் உதிர்ந்த பின் ஏறக்குறைய 22 டன் வெறுங்குலை மிஞ்சும். முன்பெல்லாம் அதை எரித்துச் சாம்பலை உரமாகப் போட்டார்கள். சாம்பலில் பொட்டாசியம் நிற்கும். தழைச்சத்து காற்றோடு போய்விடும். இப்போது பல தோட்டங்களில் வெறுங்குலையை மரங்களுக்கிடையே பரப்புகிறார்கள். சில ஆலைகள் தங்கள் கழிவுநீரையே தெளித்து அதை மக்க வைக்கின்றன.

பரப்பும்போது ஒரே அடுக்காகத்தான் பரப்ப வேண்டும். குவியலாகக் கிடந்து அழுகினால் காண்டாமிருக வண்டு முட்டையிடும். பிறகு இளங்கன்றின் குருத்தைத் துளைத்துவிடும்.

வீட்டுப் பக்கம் செய்வது எப்படி?

தண்ணீர் தேங்காத இடத்தில் சுள்ளிகளைப் பரப்பி, மூன்றடி அகலத்துக்குக் குவியல் போடுங்கள். காய்ந்த சருகு மூன்று கூடை என்றால் பச்சைத் தழை, காய்கறித் தோல் ஒரு கூடை. நடுநடுவே கொஞ்சம் மாட்டுச் சாணம். மூன்றடி உயரம் வந்தால் போதும். கையில் அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழ வேண்டும்; அதுதான் சரியான ஈரம். பினாங்கு மழைக்கு மேலே ஒரு தார்ப்பாய் அவசியம்.

சில நாளில் உள்ளே கை வைக்க முடியாத சூடு வரும். பயப்பட வேண்டாம், களை விதையைக் கொல்வது அந்தச் சூடுதான். வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். கொழுத்த வெள்ளைப் புழு வளைந்து கிடந்தால் அது வண்டுக் குஞ்சாக இருக்கலாம், பொறுக்கி எடுத்துவிடுங்கள். தேங்காய்ச் சிரட்டையை அப்படியே போடாதீர்கள். தண்ணீர் நின்று ஏடிஸ் கொசு பெருகும்.

"அவ்வளவு எதுக்குங்க, சருகை அப்படியே குழி தோண்டிப் புதைச்சா ஆகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. மக்காத சருகும் நாரும் மண்ணோடு கலந்தால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். கத்தரியும் வெண்டையும் மஞ்சள் பூத்து நிற்கும். மூன்று மாதம் போல் பொறுத்தால் குவியல் கறுத்து, உதிர்ந்து, மழை நனைத்த மண்போல் மணக்கும். அப்போது போடுங்கள்.

1969-இல் ஜார்ஜ்டவுனில் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இயற்கை உரம் பற்றி மக்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்வது நம் கையில்.

தோழர்களே, உரமூட்டைக்கு வெள்ளி வேண்டும். சருகுக்குப் பொறுமை போதும். நாலு வீட்டார் சேர்ந்து ஒரு குவியல் போட்டுத்தான் பாருங்களேன்!