48 பெரிதா, 16 பெரிதா?

2019-இன் முதல் பாதியில் இந்தியச் சந்தையில் இரண்டு செல்போன்கள் நேருக்கு நேர் மோதின. பிப்ரவரி இறுதியில் ரெட்மி நோட் 7 புரோ வந்தது; ஏப்ரலில் ரியல்மி 3 புரோ வந்தது. 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம் கொண்ட வகைக்கு இரண்டிலும் ஒரே விலை: ரூ.13,999. திரையும் ஒரே அளவு, 6.3 அங்குலம். ஆனால், ரெட்மியின் கேமரா 48 மெகாபிக்சல், ரியல்மியின் கேமரா 16 மெகாபிக்சல். பிராசசரிலோ நிலைமை தலைகீழ்: ரியல்மியில் ஸ்னாப்டிராகன் 710, ரெட்மியில் 675. கேமரா வேண்டுமென்றால் ரெட்மி, கேம் ஆட வேண்டுமென்றால் ரியல்மி என்பதுதான் அன்று பரவலாகச் சொல்லப்பட்ட தீர்ப்பு.

இவ்வளவு பழைய ஜோடியை இப்போது ஏன் எடுக்க வேண்டும்? இது விடைத்தாள் வெளிவந்துவிட்ட வினாத்தாள். எந்த எண் பயன்பாட்டில் நின்றது, எது விளம்பரத்தோடு போனது என்று இன்று சொல்லிவிடலாம். புதிதாக ஒரு நடுத்தர விலை போனைத் தேடுகிறவர்களும் இதே வகை எண்களோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

மூன்று மடங்கு, 7 சதவீதம் ஆன கதை

முதலில் மெகாபிக்சல். ரெட்மியில் இருந்தது சோனியின் ஐஎம்எக்ஸ்586 சென்சார். ஒளியைப் பிடிக்கும் அதன் புள்ளி ஒவ்வொன்றும் 0.8 மைக்ரான் அகலம். ரியல்மியின் ஐஎம்எக்ஸ்519 சென்சாரில் ஒரு புள்ளி 1.22 மைக்ரான். அதாவது 48 மெகாபிக்சல் கேமராவில் புள்ளிகள் அதிகம். ஆனால் ஒவ்வொன்றும் பொடி.

இந்தப் பொடிப் புள்ளிகளுக்கு இயற்பியல் ஓர் எல்லை வைத்திருக்கிறது. ஒளி ஓர் அலை என்பதால், எவ்வளவு நேர்த்தியான லென்ஸும் அதை ஒரே புள்ளியில் குவித்துவிட முடியாது. ரெட்மியின் எஃப்/1.79 லென்ஸ் வழியாக வரும் பச்சை ஒளி, சென்சார் மீது ஏறக்குறைய 2.4 மைக்ரான் விட்டமுள்ள ஒரு வட்டமாகவே விழும். அந்த வட்டத்துக்குக் குறுக்கே மூன்று புள்ளிகள் அடங்கிவிடுகின்றன. நிறத்திலும் ஒரு சிக்கனம் உண்டு. இந்தச் சென்சாரில் நான்கு நான்கு புள்ளிகளாகச் சேர்ந்து ஒரே நிற வடிகட்டியைப் பகிர்ந்துகொள்கின்றன. சாதாரணமாகப் படமெடுக்கும்போது அந்த நான்கும் ஒன்றாகக் கணக்கிடப்படும். எனவே கேலரியில் சேமிக்கப்படுவது 12 மெகாபிக்சல் படம். 48 என்று விற்கப்பட்ட போன், தானாக எடுத்த படத்தில் 16 மெகாபிக்சல் போனைவிடக் குறைவான புள்ளிகளையே தந்தது!

அப்படியானால் 48 வெறும் ஏமாற்றா? அதுவும் இல்லை. நல்ல வெயிலில் 48 மெகாபிக்சல் முறைக்கு மாற்றிக்கொண்டால் கூடுதல் நுணுக்கம் கிடைத்தது. ரெட்மியின் உண்மையான பலம் வேறோர் இடத்தில் இருந்தது: மொத்தச் சென்சாரின் பரப்பு. ஐஎம்எக்ஸ்586-இன் பரப்பு சுமார் 31 சதுர மில்லிமீட்டர், ஐஎம்எக்ஸ்519-இன் பரப்பு சுமார் 24. கால் பங்குக்கு மேல் கூடுதல். ஆனால் ரியல்மியின் லென்ஸ் எஃப்/1.7, சற்று அகலமாகத் திறக்கும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒரே காட்சியை ஒரே நேர அளவில் படமெடுக்கும்போது ரெட்மி ஏறக்குறைய 15 சதவீதம் அதிக ஒளியைச் சேகரிக்கும்.

ஒளி துகள்களாக வந்து விழுவதால் அதன் எண்ணிக்கையில் இயல்பாகவே ஏற்ற இறக்கம் இருக்கும். சராசரியாக 100 துகள்கள் விழும் இடத்தில் பத்துப் பதினைந்து கூடலாம், குறையலாம். 10,000 விழும் இடத்தில் அந்தத் தடுமாற்றம் ஒரு சதவீத அளவுக்கு இறங்கிவிடும். இரவுப் படங்களில் தெரியும் புள்ளி புள்ளியான இரைச்சலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். படத்தின் தெளிவு, ஒளியின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் உயரும். 15 சதவீதம் அதிக ஒளி என்றால் சுமார் 7 சதவீதம் அதிகத் தெளிவு. பெட்டியில் மூன்று மடங்காகத் தெரிந்த வேறுபாடு, இருட்டில் இவ்வளவாகச் சுருங்குகிறது. அதற்குப் பிறகு படத்தை மெருகேற்றுவது மென்பொருளின் வேலை.

பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே

அடுத்து பிராசசர். 710 என்பது 675-ஐவிடப் பெரிய எண். அதன் வேகமான கோர்கள் 2.2 கிகாஹெர்ட்ஸ், 675-இல் 2.0 மட்டுமே. 710-ஐ 10 நானோமீட்டர் தொழில்நுட்பத்திலும், 675-ஐ 11 நானோமீட்டரிலும் செய்திருந்தார்கள். மூன்று எண்களிலும் 710 முன்னே நிற்கிறது. ஆனாலும் அன்றாட ஆப்களைத் திறப்பது, பக்கங்களை ஏற்றுவது போன்ற வேலைகளில் 675-இன் கைதான் ஓங்கியிருந்தது.

கிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு விநாடியில் எத்தனை துடிப்பு என்பதைச் சொல்லும். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதைச் சொல்லாது. 710-இல் இருந்தவை ஆர்ம் நிறுவனத்தின் கார்டெக்ஸ் ஏ75 வடிவமைப்பைத் தழுவிய கோர்கள். ஒரு துடிப்புக்கு அதிகபட்சம் மூன்று கட்டளைகளைப் பிரித்தறியும். 675-இல் இருந்தவை அடுத்த தலைமுறையான ஏ76-ஐத் தழுவியவை. ஒரு துடிப்புக்கு நான்கு. 2.2-ஐ மூன்றால் பெருக்கினால் 6.6, 2.0-ஐ நான்கால் பெருக்கினால் 8. நிஜப் பயன்பாட்டில் இடைவெளி இதே அளவில் இருக்காது. ஆனால் யார் முன்னே என்பது தெரிந்துவிடுகிறது. காட்சிகளை வரையும் ஜிபியு பகுதியில் மட்டும் ரியல்மியின் அட்ரினோ 616, ரெட்மியின் 612-ஐ முந்தியது. கேமுக்கு ரியல்மி என்ற பேச்சு இதனால்தான் எடுபட்டது.

நானோமீட்டர் எண்ணும் கவனமாகப் பார்க்க வேண்டியது. ஒரு காலத்தில் அது சிப்பில் உள்ள டிரான்சிஸ்டரின் ஒரு பாகத்தின் நீளத்தைக் குறித்தது. இன்று அது தலைமுறைக்கு வைத்த பெயர் மட்டுமே. ஸ்கேல் வைத்து அளந்தால் சிப்பில் எங்கும் அந்த நீளம் அகப்படாது. சாம்சங்கின் 11 நானோமீட்டர் முறை அதன் பழைய 14 நானோமீட்டர் முறையை மேம்படுத்தி உருவாக்கியது; 10 என்பது தனி வழி. ஆகவே இரண்டுக்கும் உள்ள தூரம் ‘ஒன்று’ என்று கழித்துச் சொல்லிவிட முடியாது.

பெட்டிக்குள் இருந்த சார்ஜர்

பேட்டரியில் ரெட்மிக்கு 4000 எம்ஏஹெச், ரியல்மிக்கு 4045. வேறுபாடு ஒரு சதவீதம்தான், பயன்பாட்டில் தெரியவே தெரியாது. சார்ஜ் ஏற்றுவதில்தான் இரண்டும் பிரிந்தன. ரெட்மி 18 வாட் வேகத்தைத் தாங்கும் என்று அறிவித்தார்கள். பெட்டியில் வைத்ததோ 10 வாட் சார்ஜர். ரியல்மியில் வூக் 3.0 என்ற 20 வாட் சார்ஜரை உள்ளேயே கொடுத்தார்கள்.

இரண்டும் வேகம் கூட்டும் வழியும் வேறு. ரெட்மி கையாண்ட குவிக் சார்ஜ் முறை மின்னழுத்தத்தை உயர்த்தி அனுப்பும். அதைப் பேட்டரிக்கு ஏற்றபடி குறைக்கும் வேலை போனுக்குள்ளே நடக்கும். அப்போது வீணாகும் ஆற்றல், வெப்பமாகப் போனிலேயே தங்கும். வூக் முறை மின்னழுத்தத்தை 5 வோல்ட் அளவில் வைத்துக்கொண்டு மின்னோட்டத்தை 4 ஆம்பியர் வரை கூட்டும். மாற்றும் வேலையின் பெரும்பகுதி சார்ஜரில் முடிந்துவிடுவதால் போன் குறைவாகச் சுடும். லித்தியம் அயான் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. சூடு கூடக்கூட உள்ளே நடக்கும் வேதிச் சிதைவும் வேகமெடுக்கும். ஆனால் வூக்கின் வேகம் கிடைக்க அதன் சொந்தச் சார்ஜரும் கேபிளும் வேண்டும். பக்கத்து வீட்டுச் சார்ஜரில் போட்டால் 20 வாட் கிடைக்காது.

ரியல்மியின் துளை பழைய மைக்ரோ யுஎஸ்பி, ரெட்மியில் டைப்-சி. அன்று சிறிய விஷயமாகத் தெரிந்தது. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய போன்களுக்கு டைப்-சியைக் கட்டாயமாக்கியது. காலம் இந்த ஒன்றில் ரெட்மியின் பக்கம் நின்றது.

முன்னும் பின்னும்

திரையில் ஒப்பிட எதுவுமில்லை. இரண்டும் எல்சிடி, இரண்டிலும் அங்குலத்துக்கு 409 புள்ளிகள். ஓர் அடி தூரத்தில் வைத்துப் பார்க்கும் சராசரிக் கண்ணால் அந்தப் புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய முடியாது.

முதுகு வேறு. ரெட்மிக்கு முன்னும் பின்னும் கொரில்லா கிளாஸ் 5. ரியல்மிக்கு முன்னால் அதே கண்ணாடி, பின்னால் பிளாஸ்டிக். இந்தக் கண்ணாடியை உருகிய பொட்டாசியம் உப்பில் அமிழ்த்தி எடுக்கிறார்கள். கண்ணாடியின் மேற்பரப்பில் இருக்கும் சிறிய சோடியம் அயனிகள் வெளியேறி, பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடத்தில் நெருக்கியடித்து உட்காரும். அந்த நெருக்கம் விரிசல் பரவுவதைத் தடுக்கும். கீறலையும் தாங்கும். ஆனாலும் கண்ணாடி கண்ணாடிதான்: ஒரு கட்டத்துக்கு மேல் உடையும். பிளாஸ்டிக் கீறும், வளையும், எளிதில் உடையாது. எடையிலும் ரெட்மி 186 கிராம், ரியல்மி 172. இன்னொரு வசதி ரியல்மியில் உண்டு: இரண்டு சிம்மோடு மெமரி கார்டுக்கும் தனி இடம். ரெட்மியில் இரண்டாவது சிம்மா, கார்டா என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெட்டியில் இல்லாத எண்

இரண்டு போன்களும் ஆண்ட்ராய்டு 9-உடன் வந்தன. ரெட்மி 10-உடன் நின்றது. ரியல்மி 11 வரை போனது. அன்று போன் வாங்கியவர்களில் இதை ஒப்பிட்டவர்கள் அபூர்வம், ஏனென்றால் பெட்டியில் அப்படி ஓர் எண்ணே கிடையாது. பாதுகாப்பு அப்டேட் நின்ற பிறகும் போன் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது. பணப் பரிமாற்றமும் வங்கிக் கணக்கும் ஒரே போனில் இருக்கும் காலத்தில் இதைச் சின்ன விஷயமாக ஒதுக்க முடியாது.

ஆக, 2019-இல் யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருக்கலாம்? படம் எடுக்கவும் ஆப்கள் சட்டென்று திறக்கவும் விரும்பியவருக்கு ரெட்மி. கேம் ஆடுபவருக்கும், சீக்கிரம் சார்ஜ் ஏற வேண்டியவருக்கும், இரண்டு சிம்மும் கார்டும் தேவைப்படுபவருக்கும் ரியல்மி. தீர்ப்பு அன்று பேசப்பட்டதை ஒட்டியே வருகிறது. காரணங்களும் அளவுகளும்தான் மாறிவிட்டன. 48-ஐயும் 710-ஐயும் பார்த்து முடிவெடுத்தவர் சரியான போனை வாங்கியிருக்கலாம். அதே கணக்கை அடுத்த போனுக்குப் போட்டால் தவறிவிடும்.

இன்றைய பெட்டிகளில் அதே நாடகம் பெரிய எண்களோடு தொடர்கிறது. 108 மெகாபிக்சல் கேமரா பொதுவாக ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து 12 மெகாபிக்சல் படம் தரும்; 200 மெகாபிக்சல் கேமரா பதினாறைச் சேர்த்து 12.5 தரும். கேட்க வேண்டியது சென்சாரின் பரப்பும் லென்ஸின் எஃப் எண்ணும். பிராசசருக்கு எந்தத் தலைமுறைக் கோர். சார்ஜுக்கு எத்தனை வாட் என்பதோடு, அந்தச் சார்ஜர் பெட்டியில் உண்டா என்பது.

பயன்படுத்துகிறவருக்குப் புரியும் அளவுகளை நோக்கி உலகம் நகரத் தொடங்கியிருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் போன்களுக்கு, பிரிட்ஜுக்கு ஒட்டுவது போன்ற ஒரு லேபிள் கட்டாயம். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் எத்தனை மணி நேரம், விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று அது சொல்லும். பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும் என்றும் விதி வந்திருக்கிறது. இந்தியாவிலும் நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு, பழுதுபார்ப்புக் குறியீடு பற்றிய அறிக்கையை 2025 மே மாதம் அளித்தது.

அது நடைமுறைக்கு வரும்வரை நாமே ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம். 20,000 ரூபாய் போனுக்கு மூன்று ஆண்டு அப்டேட் என்றால் ஆண்டுக்கு 6,667 ரூபாய். 24,000 ரூபாய் போனுக்கு ஆறு ஆண்டு என்றால் ஆண்டுக்கு 4,000. விலை கூடிய போன்தான் மலிவு. கடைக்காரர் நீட்டும் விலைப்பட்டியலில் இந்த எண் இருக்காது. கணக்குப் போடும் வசதி பழைய போனிலேயே இருக்கிறது.