ஒரு தாளுக்குள் ஒரு மலை!

குட்டீஸ்... ஒரு செய்தித்தாளை மேஜை மீது நிமிர்த்தி வைக்க முடியுமா? கையை எடுத்ததும் தொப்பென்று விழுந்து விடும், இல்லையா?

ஜெர்மனியின் டெசாவ் நகரில், 'பௌஹவுஸ்' என்ற புகழ்பெற்ற கலைப்பள்ளி இருந்தது. அங்கே, 1920களின் இறுதியில், ஜோசப் ஆல்பர்ஸ் என்ற ஆசிரியர், ஒரு கட்டு செய்தித்தாளுடன் வகுப்புக்கு வந்தார். மாணவர்களிடம் கொடுத்து, இதை இப்போது இருப்பதை விட மேலான ஒன்றாக மாற்றச் சொன்னார். கத்திரி, பசை இல்லாமல் செய்தால் இன்னும் நல்லது என்று கூறி, வெளியே போய் விட்டார்.

சில மணி நேரம் கழித்து வந்து பார்த்தார். கோட்டை, விமானம், முகமூடி என, விதவிதமாகச் செய்திருந்தனர். இவற்றை வேறு பொருளில் இதைவிட நன்றாகச் செய்யலாமே என்றார், ஆல்பர்ஸ்.

அவர் பாராட்டியது, ஹங்கேரி நாட்டு இளம் கட்டடக்கலை மாணவர் செய்ததைத் தான். அவர், தாளை நீளவாக்கில் ஒரு முறை மடித்திருந்தார், அவ்வளவே! இறக்கை விரித்தது போல, தாள் நிமிர்ந்து நின்றது.

காரணம் என்ன தெரியுமா? தாள் எளிதில் வளையும். ஆனால், இழுத்தால் நீளாது. மடிப்புக்குக் குறுக்கே வளைக்க வேண்டுமானால், தாளை இழுத்து நீட்ட வேண்டியிருக்கும். அதனால் தான் மடித்த தாள் விறைப்பாக நிற்கிறது. கூரைத் தகரம் அலை அலையாக இருப்பதும் இதற்காகவே.

அந்த வகுப்பில் தாளை வெட்டியும் உருவம் செய்தனர். பொருளை வீணாக்கக் கூடாது என்பது ஆல்பர்சின் கண்டிப்பு.

நீங்களும் செய்து பாருங்க. ஒரு சதுரத் தாள் எடுங்க. மூலை அருகே தொடங்கி, விளிம்பில் இருந்து இரண்டு விரல் அகலம் விட்டு, சுற்றிச் சுற்றி உள்நோக்கி வெட்டுங்க. நடுவில் சிறு சதுரம் இருக்கட்டும். அதில் நூல் கோர்த்து, மெல்லத் தூக்குங்க.

அட... மலையும், அதைச் சுற்றி ஏறும் சாலையும் தயார்! சேலத்தில் இருந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு போனவர்களுக்கும், மலைமேல் வெள்ளக்கடையில் இருக்கும் குட்டீசுக்கும், இந்தக் காட்சி நன்றாகப் புரியும். இத்தனைக்கும், ஒரு துணுக்குத் தாள் கூட வீணாகவில்லை.

பட்டையின் அகலத்தைக் குறைத்தால் மலை உயரும்; ஆனால், தொய்ந்து போகும். எந்த அகலம் சரியாக இருக்கும்? வெட்டிப் பார்த்துக் கண்டுபிடிங்க. கத்திரியை மட்டும் கவனமாகப் பிடிங்க!