லெஸ்ஸா, ஃபியூவரா?

பிரிட்டனின் டெஸ்கோ கடைகளில், கொஞ்சமாகச் சரக்கு எடுத்தவர்களுக்கென்று தனி பில் கவுன்ட்டர். அதன் மேலே 'டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' என்று பலகை தொங்கும். எண்ணக்கூடிய பொருளுக்கு 'லெஸ்' போடலாமா, 'ஃபியூவர்' அல்லவா வர வேண்டும் என்று இலக்கணப் பிரியர்கள் குடைந்தெடுத்தார்கள். 2008-இல் நிறுவனம் 'அப் டு டென் ஐட்டம்ஸ்' என்று மாற்ற முடிவெடுத்தது. எந்தக் கட்சியிலும் சேராமல் நழுவிக்கொண்டது!

எண்ணினால் ஃபியூவர், அளந்தால் லெஸ் என்றுதான் நம் வகுப்பறைகளிலும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் இந்த விதி அப்படியொன்றும் ஆதிகாலத்தது அல்ல. 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர், ஆங்கில மொழி பற்றிய தம் நூலில், எண்ணிக்கையைச் சொல்லும் இடத்தில் ஃபியூவர் பொருத்தமாக இருக்குமென்று தமக்குத் தோன்றுவதாக எழுதினார். அவ்வளவுதான். பின்னால் வந்தவர்கள் அந்த அபிப்பிராயத்தைச் சட்டமாக்கிவிட்டார்கள். ஆல்ஃபிரட் மன்னர் ஆண்ட 9-ஆம் நூற்றாண்டிலேயே எண்ணும் பொருளுக்கு லெஸ் வந்திருக்கிறது. அன்றைய ஆங்கிலத்தில், 'சொற்களில் குறைவு' என்கிற தோரணையில், லெஸ்ஸை அடுத்த பெயர்ச்சொல் வேற்றுமை உருபு ஏற்று நிற்கும். காலப்போக்கில் உருபு தேய்ந்து உதிர்ந்தது, லெஸ் இடம்பெயரவில்லை.

விதியைக் கெட்டியாகப் பிடிப்பவர்கள்கூட ஐந்து கிலோமீட்டருக்குக் குறைவு என்பதற்கு ஃபியூவர் போடுவதில்லை. தூரம், பணம், காலம் எல்லாம் எண்ணில் வந்தாலும் மொத்தமாகவே மனதில் படுகின்றன.

தேர்வுத்தாளில் ஃபியூவரே எழுதுங்கள். மதிப்பெண்ணோடு விளையாட வேண்டாம். நாம் நிஜமாகவே இடறும் இடம் வேறு. தமிழில் 'விட' போட்டால் ஒப்பீடு முடிந்தது, பெயரடை உருமாறுவதில்லை. அந்தப் பழக்கத்தில் 'சீனியர் தேன் மீ' வந்து விழுகிறது. சீனியர், ஜூனியர், சுப்பீரியர் மூன்றும் லத்தீனிலிருந்து ஒப்பீட்டு வடிவிலேயே வந்தவை. இவற்றுக்கு 'தேன்' ஆகாது, 'டு' வேண்டும். 'மோர் பெட்டர்' இன்னொன்று. ஷேக்ஸ்பியர் இப்படி இரட்டிப்பாகப் போட்டிருக்கிறார், 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் ஆண்டனியின் பேச்சிலேயே பார்க்கலாம். அவர் பேப்பரைத் திருத்த யாரும் இல்லை, நமக்கு இருக்கிறார்கள்.

யாரும் கவனிக்காத பிழை ஒன்று உண்டு. 'தி கிளைமேட் ஆஃப் ஊட்டி இஸ் கூலர் தேன் சென்னை' என்று எழுதினால், ஊட்டியின் தட்பவெப்பத்தை ஒரு நகரத்தோடு ஒப்பிட்டதாகிறது. 'தேன் தட் ஆஃப் சென்னை' என்றால்தான் தட்பவெப்பமும் தட்பவெப்பமும் எதிரெதிரே நிற்கும்.