புகைபோக்கி உயர்ந்தால் போதுமா?

ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டி, பாரதீப்பில் கப்பலேற்றி, எண்ணூரில் இறக்கப்படும் நிலக்கரியில் சாம்பல் ஏராளம், கந்தகம் சொற்பம். நூறு கிலோவில் அரைக் கிலோ தேறினால் அதிகம். இந்த அரைக் கிலோவைப் புகையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டுமா, அப்படியே வானத்தில் விட்டுவிடலாமா என்பதுதான் பத்து ஆண்டுகளாக இழுத்தடிக்கப்படும் விவகாரம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்ணூரை அடுத்த வல்லூர் அனல்மின் நிலையத்தில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. ஓர் அலகு முழுத் திறனில் ஓடினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 8,000 டன் நிலக்கரி வேண்டும். அதில் அரை விழுக்காடு என்றால் 40 டன் கந்தகம். எரியும்போது கந்தகம் தன் எடைக்குச் சமமான ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வதால், புகைபோக்கி வழியே போகும் கந்தக டை ஆக்சைடு 80 டன். மூன்று அலகுக்கும் சேர்த்தால் 240 டன். பக்கத்திலேயே வட சென்னை அனல்மின் நிலையம் இருக்கிறது: 210 மெகாவாட்டில் மூன்று, 600 மெகாவாட்டில் இரண்டு, 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட 800 மெகாவாட் அலகு ஒன்று. சதவீதத்தில் சொற்பமாகத் தெரிவதை டன்னில் பார்த்தால்தான் அதன் கனம் புரியும்.

2015 டிசம்பர் 7 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு முதன்முறையாக வரம்பு விதித்தது. 2016-க்குள் நிறுவப்பட்ட 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுகளுக்கு ஒரு கன மீட்டர் புகையில் 200 மில்லிகிராம். சிறிய அலகுகளுக்கு 600. 2017-க்குப் பிறகு வருபவற்றுக்கு 100. இரண்டே ஆண்டில் நிறைவேற்ற வேண்டும் என்றார்கள். கெடு 2017-லிருந்து 2022-க்குப் போனது. 2021-ல் நிலையங்களை மூன்று பிரிவாக்கி ஆளுக்கொரு தேதி கொடுத்தார்கள். 2022-ல் அந்தத் தேதிகளும் தள்ளின. 2024 டிசம்பர் 30 அன்று, முதல் பிரிவின் கெடு முடிய ஒரே நாள் இருக்கும்போது, இன்னும் மூன்று ஆண்டு தந்தார்கள்.

2025 ஜூலை 11 அறிவிப்பு வேறு ரகம். அது தேதியைத் தள்ளவில்லை, பெரும்பாலான நிலையங்களுக்கு விதியையே எடுத்துவிட்டது. தேசியத் தலைநகர்ப் பகுதிக்கோ, பத்து லட்சம் மக்களுக்கு மேல் வாழும் நகரத்துக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் ‘ஏ’ பிரிவு. 2027 டிசம்பர் 31-க்குள் வரம்புக்குள் வந்தாக வேண்டும். மிகை மாசுப் பகுதிகளுக்கும் காற்றுத் தரம் தேறாத நகரங்களுக்கும் அருகில் இருந்தால் ‘பி’. நிபுணர் குழு ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்யும். மற்றதெல்லாம் ‘சி’, நாட்டின் நிலையங்களில் முக்கால் பங்குக்கும் மேல் இதில்தான் அடக்கம். புகைபோக்கி குறிப்பிட்ட உயரம் இருந்தால் ‘சி’ பிரிவுக்குக் கந்தக வரம்பு கிடையாது.

எண்ணூருக்கு இதில் ஒரு தற்செயலான அனுகூலம். கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி நகராட்சிகள் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. மின்நிலையங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தாலும், கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தைத் தாண்டினால் மாநகராட்சி எல்லைதான். அதனால் கடுமையான விதி இங்கே தப்பிப் பிழைத்திருக்கிறது. எல்லைக்கோடு கொஞ்சம் தெற்கே நின்றிருந்தால் காட்டுக்குப்பத்தில் மூச்சு விடுபவருக்குச் சட்டம் வேறாக இருந்திருக்கும்.

உயரமான புகைபோக்கி தீர்வா? 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுக்கு 275 மீட்டர் உயரம் கேட்கிறார்கள். அவ்வளவு மேலே விட்டால் புகை கலைந்து நீர்த்துப் போகும் என்பது நியாயம். கடற்கரையில் அந்த நியாயம் அப்படியே பலிப்பதில்லை. வெயில் ஏறியதும் கடல்காற்று கரைக்குள் வருகிறது. குளிர்ந்த நீரின் மேல் வந்த காற்று என்பதால் அது அடுக்குக் குலையாமல் நகரும். அதற்குள் விடப்படும் புகையும் கலையாமல் பட்டையாக மேற்கே போகும். சூடான தரையைத் தொட்டதும் காற்றின் அடிப்பகுதி உலைநீர் போலப் புரளத் தொடங்குகிறது. புரளும் இந்த அடுக்கு கரையோரத்தில் மெலிதாக இருக்கும். உள்ளே போகப்போகத் தடிக்கும். சில கிலோமீட்டரில் புகைப்பட்டையின் உயரத்தை எட்டும் இடத்தில், மேலே சேர்ந்தே வந்த புகை அப்படியே தரைக்கு இழுக்கப்படும். பகல் கடல்காற்றில் அந்த இடம் அத்திப்பட்டு, மீஞ்சூர் திசையில் அமையும். வடகிழக்குப் பருவத்தில் வாடை வீசும்போது திருவொற்றியூர், மணலி பக்கம் புகை திரும்பும். அமெரிக்கா 1977-லேயே தன் காற்றுச் சட்டத்தைத் திருத்தி, புகைபோக்கியை உயர்த்திக் கட்டி வரம்பிலிருந்து தப்பும் வழியை அடைத்துவிட்டது. நாம் 2025-ல் அந்த வழியைத் திறக்கிறோம்.

விலக்குக்கு ஆதரவாக இன்னொரு வாதமும் வைக்கப்படுகிறது: வெளிக்காற்றில் கந்தக டை ஆக்சைடு ஏற்கெனவே வரம்புக்குள், அதாவது கன மீட்டருக்கு 24 மணி நேரச் சராசரி 80 மைக்ரோகிராமுக்குள், இருக்கிறதே! இருக்கலாம். ஆனால் அந்த வாயு வாயுவாகவே இருந்துவிடுவதில்லை. சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் கந்தக அமிலமாகி, காற்றிலுள்ள அம்மோனியாவோடு கூடி அம்மோனியம் சல்பேட் என்ற நுண்துகளாக மாறுகிறது. நுரையீரலின் கடைசிக் கிளை வரை போகும் பி.எம். 2.5 வகைத் துகள் இது. நிலையத்தின் வாசலில் வாயுவை அளந்தால் எண் குறைவாகத்தான் வரும். சரக்கு வேறு உருவில் வேறு ஊரில் இறங்கியிருக்கும். சாம்பலைப் பிடிக்கும் மின்வடிப்பான் இதைப் பிடிக்காது. புகைபோக்கியைத் தாண்டும்போது அது துகளே அல்ல.

பிடிப்பதற்கான கருவி புதுமையானதல்ல. லண்டனின் பேட்டர்சீ மின்நிலையம் 1930-களிலேயே தேம்ஸ் நீரால் புகையைக் கழுவியது. இன்றைய முறையில், கோபுரம் போன்ற கலத்துக்குள் சுண்ணாம்புக்கல் கரைசலைப் பூமழையாகத் தெளிக்கிறார்கள். கீழிருந்து ஏறும் புகையின் கந்தகம் சுண்ணாம்போடு கூடி ஜிப்சமாகி அடியில் படிகிறது; சிமெண்ட் ஆலைக்கு விற்கலாம். 90 விழுக்காட்டுக்கு மேல் கந்தகம் இப்படிச் சிக்கும். செலவில்லாத காரியமல்ல. வல்லூர் போன்ற நிலையத்தின் ஓர் அலகுக்கே நாளுக்குச் சுமார் 130 டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் தனி. விலக்கு அளித்தபோது, யூனிட்டுக்கு 25 முதல் 30 பைசா மிச்சமாகும் என்று அரசு வட்டாரம் கணக்குச் சொன்னது. 2021 விதியில் கெடு தாண்டிய ‘ஏ’ பிரிவு நிலையத்துக்கான தண்டம் யூனிட்டுக்கு 10 பைசாவில் தொடங்கி 20-ல் நின்றது. கருவி பொருத்துவதைவிடத் தண்டம் மலிவாக இருந்தால் நிர்வாகம் எதைத் தேர்ந்தெடுக்கும்?

கடலோரத்தில் கடல்நீரையே தெளித்தும் கழுவலாம். மகாராஷ்டிரத்தின் டஹாணுவில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் கழுவிய நீர் கடலுக்கே திரும்ப வேண்டும். சாம்பல் குழாய்க் கசிவால் ஏற்கெனவே தூர்ந்துவரும் எண்ணூர்க் கழிமுகத்தில் நண்டும் இறாலும் பிடித்துப் பிழைப்பவர்களைக் கேட்காமல் அதைத் தீர்மானிக்கக் கூடாது. மாசை இடம் மாற்றுவதில் இந்தக் கடற்கரைக்கு நீண்ட அனுபவம் உண்டு. ராயபுரத்து வீடுகளில் கரித்தூள் படிகிறது என்ற புகாரில் 2011-ல் நீதிமன்றம் தலையிட்டு, சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரி எண்ணூருக்கு மாற்றப்பட்டது. ராயபுரம் தப்பியது, தூள் வடக்கே போனது.

1970-ல் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. அதே இடத்தில் 660 மெகாவாட் அலகு கட்டும் திட்டத்துக்கு 2024 டிசம்பரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அது வந்தால் 100 மில்லிகிராம் வரம்புக்கு உட்பட்டாக வேண்டும். வல்லூரிலும் வட சென்னையிலும் ஓடும் பழைய அலகுகளுக்கோ 2027 டிசம்பர் 31 வரை நேரம் இருக்கிறது. கழுவும் கலம் டெண்டர் விட்ட மாதத்தில் எழுந்து நிற்காது. கட்டிமுடிக்க இரண்டு மூன்று ஆண்டாவது பிடிக்கும். 2027 டிசம்பரில் என்ன நடக்கும் என்பதை அறிய, அங்கே இப்போதே அஸ்திவாரம் போட்டிருக்கிறார்களா என்று பார்த்தால் போதும்.