ஒரே உரல், பல முறுக்கு

தீபாவளிக்கு முறுக்குப் பிழியும் வீட்டில் உரல் ஒன்றுதான் இருக்கும். அச்சுத் தட்டை மாற்றினால் போதும். முள்ளு முறுக்கும் ஓமப்பொடியும் அதே உரலிலிருந்து வரும். கணினி விளையாட்டுகளும் இப்படித்தான் செய்யப்படுகின்றன என்றால் நம் தாய்மார்கள் வியப்படையக்கூடும். அந்த உரலுக்கு 'என்ஜின்' என்று பெயர். திரையில் படம் வரைவது, ஆளை நடக்க வைப்பது, சுவரில் மோதினால் நிறுத்துவது எல்லாம் அதன் வேலை. கதையும் படங்களும் நாம் இடுகின்ற மாவு.

ஆரம்பத்தில் இந்த வசதி கிடையாது. ஒவ்வொரு விளையாட்டையும் அடியிலிருந்து எழுதவேண்டும். கணினி வகை மாறினால் மறுபடியும் எழுதவேண்டும். 1984-இல் அமெரிக்காவின் சியரா நிறுவனம், ராபர்ட்டா வில்லியம்ஸ் என்னும் பெண்மணி அமைத்த 'கிங்ஸ் குவெஸ்ட்' விளையாட்டை வெளியிட்டது. அதற்கென்று எழுதிய ஏ.ஜி.ஐ. என்ற என்ஜினைத் தூக்கி எறியாமல், 1986-இல் 'ஸ்பேஸ் குவெஸ்ட்', 1987-இல் 'போலீஸ் குவெஸ்ட்' என்று வேறு வேறு கதைகளுக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். அக்காலத்து வட்டுகளில் இடம் மிகக் குறைவு. ஆகவே படத்தை முழுதாகச் சேமிக்காமல், 'இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு போடு, உள்ளே பச்சை நிரப்பு' என்று கட்டளைகளாகவே எழுதி வைத்தார்கள். வாசலில் புள்ளிக்கோலம் போடும் நம் பெண்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை!

1987-இல் இங்கிலாந்தில் 'டிரில்லர்' வந்தது. அதன் 'ஃப்ரீஸ்கேப்' என்ஜின் முப்பரிமாண உலகைக் காட்டியது. ஆனால் சின்னக் கணினிகளில் ஆமை வேகம். 1991-இல் அந்த உரலையே பெட்டியில் போட்டுப் பொதுமக்களுக்கு விற்றார்கள்.

1993 டிசம்பரில் வந்த 'டூம்' இரத்தக்களரியான விளையாட்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆயினும் அதன் அமைப்பு போற்றத்தக்கது. என்ஜின் ஒரு கோப்பு, அறைகளும் படங்களும் வேறு கோப்பு. இதனால் சாதாரண இளைஞர்களும் தம் வீட்டிலேயே புதிய அறைகளைக் கட்டிச் சேர்த்தார்கள். 1994-இல் இன்னொரு நிறுவனம் உரிமம் பெற்று, அதே என்ஜினில் 'ஹெரட்டிக்' செய்தது. 1997-இல் டூமின் மூல நிரலையே எல்லாரும் பார்க்கும்படி திறந்துவிட்டார்கள்.

இந்த வழியில் வந்ததுதான் நம்மவர் பெருமைப்படும் 'வெண்பா'. கனடாவின் டொராண்டோவில் உருவாகி 2023-இல் வெளிவந்தது. 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்த்தாய், கறைபடிந்து எழுத்தழிந்த சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி, புட்டு செய்யும் கதை. யூனிட்டி என்ற ஆயத்த என்ஜின் இருந்ததால் சிறு குழுவினர் அதை முடிக்க முடிந்தது.

நம் லயங்களின் கதை மட்டும் ஏன் வரக்கூடாது? ரப்பர் நின்ற இடங்களில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்துவிட்டன. பெரட்டுக்குப் போன விடியற்காலையை நேரில் கண்டவர்கள் தாத்தா பாட்டிகளாகிவிட்டார்கள். 'கோடோ' என்ற என்ஜின் 2014 முதல் இலவசமாகக் கிடைக்கிறது; சாதாரணக் கணினியே போதும். ஈப்போவில் படிவம் நான்கு படிக்கும் என் பழைய மாணவன் ஒருவன், பாட்டியைக் கேட்டுக் கேட்டு அதில் தங்கள் பழைய லயத்தை எழுப்பி வருகிறான். இதுவரை எட்டு வீடுகளும் மாரியம்மன் கோவிலும் முடிந்திருக்கின்றன. தண்ணீர்க்குழாய் மட்டும் எதிர்ப்பக்கம் இருக்கவேண்டுமாம். பாட்டி மாற்றச் சொல்லியிருக்கிறார்.